மெமோ வாங்காத மனிதர்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் பயந்துவிடுவார். "எதுக்குங்க டீச்சர் பேரெல்லாம் போட்டுக்கிட்டு? யாராச்சும் படிச்சு வெச்சாங்கன்னா?" என்று ஓசூரிலிருந்து உடனே போன் வரும். ரிட்டையர் ஆகி மகன் வீட்டோடு நிம்மதியாக இருக்கிற மனிதரின் தூக்கத்தை எதற்குக் கெடுக்க வேண்டும்? தாவரவியல் சார் என்று சொன்னால் போதும். பொம்மிடிப் பக்கம் எங்கள் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அதுவே அதிகம்.

சும்மா சொல்லக்கூடாது, பயப்படுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாய், இடி, கேஸ் சிலிண்டர் என்று ஊரில் எல்லாருக்கும் இருக்கிற பயமில்லை அவருடையது. அவர் பயந்தது காகிதத்துக்கு. ஸ்டாஃப் ரூமில் யாருக்காவது பிறந்தநாள் என்று வாழ்த்து அட்டை சுற்றி வரும். நாங்கள் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவோம். இவர் மட்டும் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, தன் கையெழுத்துக்கு மேலே காலி இடம் இருந்தால் பேனாவால் ஒரு கோடு இழுத்து அடைப்பார்.

"காலியா வுட்டா பின்னாடி யாராச்சும் ஏதாச்சும் எழுதிக்குவாங்கங்க."

"பர்த்டே கார்டுல என்ன சார் எழுதப் போறாங்க? சொத்தையா எழுதி வாங்கப் போறாங்க?" என்று நான் கேட்டேன்.

"எதுக்கு வம்பு?" என்றார்.

இந்த 'எதுக்கு வம்பு' ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அவர் வாயிலிருந்து வரும். வாட்ஸ்அப் குழுவில் தலைமையாசிரியர் ஏதாவது போட்டால் நாங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவோம். இவர் காட்டமாட்டார். அதுவும் ஒரு ஆதாரமாம். எனக்கோ எதையும் நின்று நிதானமாகச் செய்யும் வழக்கமில்லை. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஓடுகிற ஜாதி நான். பக்கத்து மேஜையில் இப்படி ஒருத்தர் ஒவ்வொரு காகிதத்தையும் மூன்று முறை படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எரிச்சல் வராதா? எனக்கு வந்தது. தினமும் வந்தது.

இத்தனை பயத்துக்கும் மூலம் ஒன்றுதான். மெமோ. அரசு வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 'நீ ஏன் இப்படிச் செய்தாய், விளக்கம் கொடு' என்று மேலே இருந்து வரும் கடிதம் அது. பாதிப் பேர் அதை வாங்கி நாலு வரி பதில் எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இவர் முப்பத்து இரண்டு வருடமாக ஒன்றுகூட வாங்கவில்லை. இன்னும் இரண்டு வருடம்தான் சர்வீஸ் பாக்கி. கடைசி வருடத்தில் ஏதாவது ஒரு மெமோ வந்து, அது முடியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், ரிட்டையர் ஆகிற அன்றைக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்துவிடுவார்கள். அவருக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி நடந்திருக்கிறது. மாலையும் வாங்கி, சமையல்காரருக்கும் சொல்லிவிட்ட பிறகு நிறுத்தினார்களாம்.

"சுத்தமா வந்தேன், சுத்தமா போயிடணுங்க டீச்சர். எனக்கு வேற எதுவும் வேண்டாம்" என்பார்.

இது தெரிந்திருந்தும் நான் ஒரு வேலை செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஏப்ரல் முதல் தேதி, கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து அச்சு அசலாக ஒரு மெமோ தயாரித்து, கவரில் போட்டு, பியூன் கையில் கொடுத்து அனுப்பினேன். அவர் படித்தார். பையிலிருந்து டைரியை எடுத்து, மெமோவில் நான் போட்டிருந்த தேதியைத் தேடினார். "அன்னிக்கு நான் ஸ்கூல்லதான் இருந்தேன். ரெண்டாவது பீரியடு பதினொண்ணு பி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நெற்றி முழுக்க வேர்வை. நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லி, தண்ணீர் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அந்தத் தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து, "கிழிச்சது தப்பில்லீங்களே?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஏப்ரலில் எம்.பி. தேர்தல் வந்தது.

தேர்தல் பணி ஆர்டர் வந்ததும் எங்கள் பள்ளியில் பாதிப் பேருக்கு முதுகு வலி வந்துவிட்டது. மீதிப் பேருக்கு மாமியாருக்கு உடம்பு சரியில்லை. ஊர் உலகத்தில் பயந்தவர் இவர், இவர்தான் முதல் ஆளாக டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு நிற்பார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். இவர் ஆர்டரை வாங்கி, நாலு ஜெராக்ஸ் எடுத்து, பேசாமல் கிளம்பிவிட்டார். கேட்டதற்கு, "இல்லாத வலிய இருக்குதுன்னு எழுதிக் குடுத்தா அது வேற கேஸுங்க" என்றார்.

அரூரில் பயிற்சி வகுப்பு. பூத்துக்குத் தலைமை அதிகாரி, எங்கள் பேச்சில் பி.ஓ., அவர்களுக்கெல்லாம் ஒரு கையேடு கொடுப்பார்கள். தலைகாணி கனம் இருக்கும். மற்றவர்கள் அதை விசிறியாகப் பயன்படுத்தினார்கள். இவர் பத்து நாளில் அதைக் கரைத்துக் குடித்துவிட்டார். முக்கியமான பக்கங்களில் எல்லாம் நூல் வைத்திருந்தார், சிவப்பு நூல் அவசரத்துக்கு, பச்சை நூல் சந்தேகத்துக்கு. வகுப்பில் எழுந்து நின்று கேள்வி கேட்க ஆரம்பித்தால் பயிற்சி கொடுக்க வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

"ஓட்டுப் போட வந்தவரு மெஷினு முன்னாடி மயங்கி வுழுந்துட்டாருன்னா, பட்டனை அமுக்குனதா கணக்குங்களா, அமுக்காததா கணக்குங்களா?"

"பூத்துக்குள்ள பாம்பு வந்துட்டா, அடிச்சிட்டு டைரில எழுதணுங்களா, எழுதிட்டு அடிக்கணுங்களா?"

ஹாலே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாவது வகுப்புக்குள், சிரித்த அதே பி.ஓ.க்கள் சந்தேகம் வந்தால் இவரைத்தான் தேடி வந்தார்கள். இவர் ஒரு விதிக்குப் பக்கம் சொன்னால் அந்தப் பக்கத்தில் அது இருக்கும். யாரும் திருப்பிப் பார்ப்பதுகூட இல்லை.

எந்த பூத்துக்கு யார் யார் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். குலுக்கியதில் தீர்த்தமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து பூத்தில் இவர் பி.ஓ., நான் முதல் அலுவலர். அத்தனை ஆசிரியர்கள் இருக்கிற மாவட்டத்தில் ஒரே ஸ்டாஃப் ரூமிலிருந்து இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்த கம்ப்யூட்டரை நான் மனதாரத் திட்டினேன். போதாததற்கு, நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் முடியவில்லை. இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. "ரெண்டு பேருமே ஜாக்கிரதையா இருக்கணுங்க டீச்சர்" என்று அவர் சொன்னபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தேர்தலுக்கு முந்தின நாள் மதியமே மெஷின் பெட்டிகளோடு போய் இறங்கினோம். தொடக்கப் பள்ளி வகுப்பறை. குழந்தைகளுக்காகச் சுவர் முழுக்கப் படம் வரைந்து வைத்திருந்தார்கள். பலாப்பழம், கரண்டி, கிணறு, வாளி, தொப்பி. இவர் உள்ளே நுழைந்து ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"டீச்சர், இதெல்லாம் சின்னமுங்க."

"சார், இது ஒண்ணாங்கிளாஸ்."

"சுயேச்சைக்கு என்ன வேண்ணாலும் குடுப்பாங்கங்க. பூத்துக்குள்ள சின்னம் இருக்கக்கூடாது."

பழைய பேப்பரும் பசையும் வாங்கிவரச் சொல்லி, சுவரில் இருந்த அத்தனையையும் மூடினார். கடிகாரத்தையும் மூடினார். அப்புறம் மணி பார்க்க வேண்டியிருந்ததால் அதற்கு மட்டும் பேப்பரில் கதவு மாதிரி ஒரு மடிப்பு வைத்தார். கடைசியில் நிமிர்ந்து பார்த்தார். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஏப்ரல் வெயில், தீர்த்தமலைப் பாறைச் சூடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

"சார், உங்க கால்ல வேணா வுழறேன். அதை மட்டும் வுட்டுடுங்க."

வேட்பாளர் பட்டியலை எடுத்து ஒவ்வொரு சின்னமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு மெஷினில் அடங்காமல் இரண்டு மெஷின் வைக்கும் அளவுக்கு வேட்பாளர்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி வரை ஃபேன் இல்லை. "இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கெல்லாம் கட்சி ஏஜென்ட்டுகள் வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் அந்த ஊர்க்காரர், வெள்ளைச்சட்டை, நல்ல வாட்டசாட்டமான ஆள். எல்லாருக்கும் தூக்குவாளியில் டீ கொண்டுவந்தார். இவர் டம்ளரைத் தொடவில்லை.

"குடிங்க சார், டீக்கென்ன கட்சியா? பாலு எங்க வூட்டு மாட்டுதுங்க."

"மாடு உங்களுதுங்களே" என்றார் இவர்.

வெள்ளைச்சட்டைக்காரர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஏழு மணிக்கு ஓட்டுப் பதிவு. என் வேலை இதுதான். வருகிறவரின் அட்டையைப் பார்த்து, வாக்காளர் பட்டியலில் அவருடைய வரியைக் கண்டுபிடித்து, வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படிக்க வேண்டும். ஏஜென்ட்டுகள் காதில் விழுந்தால்தான் ஆள் மாறினால் மறுப்பு சொல்ல முடியும். அப்புறம் அந்த வரியில் ஒரு கோடு. பெண்ணாக இருந்தால் எண்ணைச் சுற்றி ஒரு வட்டமும். பக்கத்தில் இருக்கிறவர் பதிவேட்டில் அந்த எண்ணை எழுதி, கையெழுத்து வாங்கி, விரலில் மை வைப்பார். அதற்கப்புறம்தான் மெஷின்.

"சத்தமா படிங்க டீச்சர். பேரையும் படிங்க." இதை முதல் பத்து நிமிடத்தில் ஆறு முறை சொன்னார். வாசலுக்குப் போய்க் கூட்டத்தைப் பார்ப்பார், திரும்பி வந்து, "பேரையும் படிங்க" என்பார். அரை மணிக்கொரு தரம், அந்தப் பக்கத்து பூத்துகளைப் பார்த்துக்கொள்ளும் மண்டல அதிகாரிக்குப் போன் போட்டு, "சார், எல்லாம் நல்லபடியாப் போவுதுங்க" என்பார். அந்தப் பக்கம் அவர் என்ன நினைத்தாரோ. ஒரு கட்டத்தில் எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. தொண்டையும் வறண்டு போயிருந்தது. இவர் வாசலுக்குப் போனதும் நான் எண்ணை மட்டும் படித்துக் கோடு போட ஆரம்பித்தேன். திரும்பி வந்தால் பெயரையும் சேர்த்துக்கொள்வேன். சின்னப்பிள்ளைத்தனம்தான். அப்போது அது எனக்கு ஒரு வெற்றி மாதிரி இருந்தது.

மதியம் கூட்டம் குறைந்தது. நாலரைக்கு மேல் அங்கொருவர் இங்கொருவர். ஐந்து மணி இருக்கும், ஒரு பெண் வேகமாக உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தோளில் ஒரு பை, தலையெல்லாம் புழுதி. பெயர் மஞ்சுளா. நானூற்றுப் பதிமூன்றாவது வரி. நான் பேனாவை எடுத்துக்கொண்டு போனேன். அந்த வரியில் ஏற்கெனவே கோடு, எண்ணைச் சுற்றி வட்டம்.

"உங்க ஓட்டுப் போட்டாச்சேம்மா" என்றேன்.

"யாரு போட்டா? இப்பத்தானுங்க பஸ்ஸ வுட்டு எறங்கறேன்." இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தாள். "பாருங்க. பத்து வெரலையும் பாருங்க."

ஒரு விரலிலும் மை இல்லை.

வெள்ளைச்சட்டைக்காரர் எழுந்து வந்தார். "நம்ம ஊருப் பொண்ணுதானுங்க, பெங்களூர்ல கார்மென்ட்ஸுக்குப் போவுது. யாரோ அது பேருல போட்டுட்டாங்க போல. டெண்டர் ஓட்டு குடுத்து அனுப்பிடுங்க சார், எதுக்கு வம்பு?"

தன் வார்த்தையை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டதும் பி.ஓ. சார் ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் பொறுமையாகச் சொன்னார். ஒருவர் பெயரில் ஏற்கெனவே ஓட்டுப் பதிவாகியிருந்தால், மெஷினில் விடமுடியாது. ஒரு சீட்டுக் கொடுப்போம், அதில் முத்திரை குத்திக் கொடுத்தால் தனிக் கவரில் போட்டு சீல் வைப்போம்.

"அதை எண்ணுவாங்களா சார்?"

வேறு யாராவது இருந்தால் எண்ணுவாங்க போம்மா என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். இவருக்குப் பொய் சொல்லப் பயம்.

"பொதுவா எண்ண மாட்டாங்கம்மா."

அவள் அழவில்லை. சண்டைக்கும் வரவில்லை. "அங்க அடுத்த வாரந்தான் ஓட்டு, அதனால கம்பெனில லீவு குடுக்கலைங்க. சம்பளம் போனாப் போவுதுன்னு வந்தேன். பொம்மிடியில எறங்கி, பஸ்ஸு மாறி, பஸ்ஸு மாறி வர்றேன். வூடு இடிஞ்சு போச்சு. நெலம் கொழுந்தனார் பேருல இருக்குது. நானும் இந்த ஊருக்காரிதான்னு சொல்றதுக்கு எனக்குன்னு இருக்கறது அந்த லிஸ்ட்டுல ஒரு வரிதானுங்க சார். எண்ணாத ஓட்டு எனக்கு வேண்டாம். நான் போறேன். என் வரியில யாரு போட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

நான் பட்டியலைப் பார்த்தேன். நானூற்றுப் பதிமூன்றுக்கு நேர் மேலே நானூற்றுப் பன்னிரண்டு. தனலட்சுமி. அதே வீட்டு எண், மஞ்சுளாவின் ஓரகத்தி. அந்த வரியில் கோடில்லை, வட்டமில்லை. காலையில் கூட்ட நேரத்தில் தனலட்சுமி என்று ஒரு பெண் வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கைக்குழந்தையோடு வந்தது, குழந்தை என் பேனாவைப் பிடுங்கியது. அப்போது இவர் வாசலில் இருந்தார். நான் ஒரு வரி கீழே பார்த்து, எண்ணை மட்டும் படித்து, வட்டம் போட்டிருக்கிறேன். பெயரைச் சேர்த்துப் படித்திருந்தால் அந்தப் பெண்ணே "நான் மஞ்சுளா இல்லீங்க" என்று சொல்லியிருக்கும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது, யாரோ கள்ள ஓட்டுப் போட்டார்கள் என்று போய்விடும். நான் அப்படியும் ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

"சார், யாரும் கள்ள ஓட்டுப் போடலை. நான்தான் வரி மாத்திக் குறிச்சிட்டேன்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை, 'பேரையும் படிங்கன்னு சொன்னேனே' என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வெள்ளைச்சட்டைக்காரரிடம் சொல்லி தனலட்சுமியை வரவழைத்தார். வீடு பின்தெருவில்தான். வந்தது. விரலில் மை. ஆதாரை வாங்கிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நானூற்றுப் பதிமூன்று என்று எழுதியிருந்த இடத்தில் அட்டையின் கடைசி நாலு எண் தனலட்சுமியுடையது. கையெழுத்தும் தனலட்சுமியுடையது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"அய்யோ அக்கா, உங்க ஓட்ட நானாப் போட்டேன்?" என்று தனலட்சுமி பதறியது.

"நீ உன்னுதத்தான் போட்ட. இவங்க எழுதுனதுதான் தப்பு" என்றாள் மஞ்சுளா. தெளிவான பெண்.

விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் என்ன செய்வது? டெண்டர் சீட்டுக் கொடுத்துவிட்டால் பி.ஓ.வுக்கு ஒரு கவலையும் இல்லை, யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். மஞ்சுளாவின் ஓட்டுதான் கவருக்குள் போய்விடும். குறித்ததை அடித்துத் திருத்தி மெஷினில் விட்டால் மஞ்சுளாவின் ஓட்டு ஓட்டாகும். ஆனால் தேர்தல் பதிவேட்டில் அடித்தல் திருத்தல். அதைவிடப் பெரிய மெமோவுக்கு வழி வேறு கிடையாது. சர்வீஸ் பாக்கி ஒரே வருடம்.

காலையிலிருந்து அரை மணிக்கொரு தரம் மண்டல அதிகாரிக்குப் போன் போட்டவர், இப்போது போனைக் கையில் எடுத்தார். பார்த்தார். கேட்டால் அந்த அதிகாரி டெண்டர் கொடுத்து அனுப்பு என்றுதான் சொல்வார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். இவர் போனை அணைத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"ஏஜென்ட்டுங்க எல்லாரும் கொஞ்சம் வாங்க" என்றார். "கையேட்டுல அறுபத்தி நாலாம் பக்கம். குறிக்கறதுல தப்பு நடந்து, ஆதாரம் தெளிவா இருந்து, ஏஜென்ட்டுங்க எல்லாரும் சம்மதிச்சாங்கன்னா, பி.ஓ. தன் பொறுப்புல திருத்திக்கலாம். உங்களுக்குச் சம்மதங்களா?"

அந்த நாள் முழுக்க நடுங்கிக்கொண்டே இருந்த குரல் அப்போது நடுங்கவில்லை. அறுபத்து நாலாம் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. நாலு கட்சி ஏஜென்ட்டும் கையெழுத்துப் போட்டார்கள். காலையிலிருந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே பேனாவை வாங்கிக் கொடுத்துக்கொண்டார்கள். பழைய பதிவை அடித்து நானூற்றுப் பன்னிரண்டு என்று திருத்தி, பக்கத்தில் இவர் கையெழுத்து. மஞ்சுளாவுக்குப் புது வரி, புது மை. அவள் அட்டை மறைப்புக்குள் போனாள். மெஷின் நீளமாகக் கத்தியது. அன்றைக்கு நூற்றுக்கணக்கான தடவை கேட்ட சத்தம்தான், ஆனாலும் அந்த ஒரு முறை அறையில் எல்லாரும் அதைக் காது கொடுத்துக் கேட்டோம்.

வெளியே வந்தவள், "நல்லா இருப்பீங்க சார்" என்றாள். இவர், "சீக்கிரம் கெளம்பும்மா, பஸ்ஸு போயிடும்" என்றார்.

அப்புறம் பி.ஓ. டைரியைத் திறந்தார். நடந்தது எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், என் பேரை எழுதுங்க. நான் பண்ணது."

"நீங்க இன்னும் பர்மனென்ட் ஆவலைங்க டீச்சர்."

"அதுக்காக?"

"டைரி என்னுதுங்க" என்றார். 'எனது கவனக்குறைவால்' என்று ஆரம்பித்து அரைப் பக்கம் எழுதினார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் என் மேல்தான். ஆறு மணிக்கு வாசலை மூடி, பதிவேட்டுக் கணக்கையும் மெஷின் கணக்கையும் ஒப்பிட்டார். இரண்டும் ஒன்று. மூன்று தரம் பார்த்தார். பிறகு அரக்கு உருக்கி சீல் வைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு வருடம் ஓடியது. அவரிடம் மாற்றம் ஒன்றும் இல்லை. வாழ்த்து அட்டையில் கோடு இழுத்தார், கட்டைவிரல் காட்டவில்லை. எனக்கு வேலை நிரந்தரமானது. அன்றைக்கு ஆர்டரை வாங்கிப் படித்து, "தேதி சரியா இருக்குதுங்களான்னு பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். தேர்தல் விஷயத்தில் எதுவும் வரவில்லை, தப்பித்தோம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மே மாதக் கடைசியில் அவருடைய பணிநிறைவு விழா. பாப்பிரெட்டிப்பட்டியில் சின்ன கல்யாண மண்டபம். பழைய மாணவர்கள், உறவுக்காரர்கள், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள். தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, "முப்பத்தி நாலு வருச சர்வீஸ்ல ஒரு மெமோ கூட வாங்காத மனுசன்" என்று சொன்னதும் கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. நான்தான் எல்லாரையும்விட வேகமாகத் தட்டினேன்.

ஏற்புரைக்கு எழுந்தார். கழுத்தில் மாலை கனத்தது.

"ஹெச்.எம். சார் சொன்னதுல ஒரு தப்பு இருக்குதுங்க" என்றார். "தப்பா இருக்கறத கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தா, நாளைக்கு நானே சொன்ன மாதிரி ஆயிடும். எனக்கு ஒரு மெமோ வந்துதுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார்.

"எம்.பி. எலெக்சன்ல ஒரு பூத்துல பதிவேட்டைத் திருத்துனேங்க. எந்த விதிப்படி திருத்துனேன்னு கேட்டிருந்தாங்க. கையேட்டுல அறுபத்தி நாலாம் பக்கத்துல விதி இருக்குதுன்னு அங்க எல்லாருகிட்டயும் சொல்லியிருந்தேன். அந்தப் பக்கத்துல அரக்கு எப்படி உருக்கறதுன்னுதான் போட்டிருக்குதுங்க."

அன்றைக்கு பூத்தில் நானும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"நான் குடுத்த பதில் இது" என்று அடுத்த தாளைப் படித்தார். "'அப்படி விதி எதுவும் இல்லை. இருப்பதாக நான் சொன்னது பொய். பட்டியலில் குறித்த தவறு எங்களுடையது, வாக்காளருடையது அல்ல. அவர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். ஆகவே வாக்களிக்க அனுமதித்தேன்.' இவ்வளவுதானுங்க எழுதுனேன். ஏழு மாசம் தூங்கலை. போன மாசந்தான் எச்சரிக்கையோட முடிச்சுக் குடுத்தாங்க. அதனால ஒரு மெமோ கூட வாங்கலைன்னு யாரும் சொல்ல வேண்டாங்க."

மண்டபத்தில் யாரும் கைதட்டவில்லை. எதற்குத் தட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய மனைவிகூட இப்போதுதான் கேள்விப்படுகிறார் என்பது அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்தது. ஏழு மாதம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, அவர் காகிதங்களை மூன்று முறை படிப்பதைப் பார்த்து எரிச்சல்பட்டுக்கொண்டிருந்த நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

எழுந்தேன்.

"சார், அந்த வட்டத்தைப் போட்டது நான். உங்க பேச்சைக் கேக்காம, பேரைப் படிக்காம போட்டது நான்" என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையாலும் மைக்கைப் பொத்தினார்.

"உக்காருங்க டீச்சர், மைக்கு ஆன்ல இருக்குது" என்றார்.

நான் உட்காரவில்லை.